அம்பாசடருக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்: வேலூர் வட்டாரப் பட்டறையில் முறையாக மாற்றுவது எப்படி

ஏலகிரி மலையிலிருந்து பொன்னேரிக்கு இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசடரை அந்தச் சாலையில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாதி வழியிலேயே பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவதைக் கால் உணர்ந்துவிடும். டிரம் சூடேறும்போது விரிகிறது. விரியும் டிரம், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. அதே நேரத்தில் ஷூவின் மேல் ஒட்டியுள்ள லைனரின் பிடிப்பும் வெப்பத்தால் குறைகிறது. டிஸ்க்கோ சூடேறும்போது தடித்து, அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடின் பக்கமாகவே நகர்கிறது. மேலும் அது திறந்த காற்றில் சுழல்வதால் விரைவாகக் குளிர்கிறது, தண்ணீர் பட்டாலும் ஓரிரு சுற்றில் உதறிவிடுகிறது. மாற்றத்துக்கான காரணம் இவ்வளவுதான். நல்ல நிலையில் உள்ள டிரம் ஒரு முறை மிதித்து நிறுத்துவதில் டிஸ்க்குக்கு அதிகம் சளைத்ததல்ல. மீண்டும் மீண்டும் மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டி சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுவதானால், இந்த வேலையில் இறங்கத் தேவையில்லை. டிரம்மை லேத்தில் கடைந்து, புது லைனர் ஒட்டி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களுக்குப் புதிய கப்பு (ரப்பர் சீல்) மாற்றி, ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே வண்டி நேராகவும் உறுதியாகவும் நிற்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக அடிக்கடி போகிறவர்களுக்கும், ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் குடும்பத்தோடு ஏறி இறங்குகிறவர்களுக்கும் இந்த மாற்றம் பொருள் உள்ளது. முன்னால் போகும் புதிய கார் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உதவியோடு சட்டென்று நின்றுவிடுகிறது. பின்னால் வரும் நம் வண்டிக்கும் அந்த அளவு நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

முன்சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்னால் டிரம்மை விட்டுவைத்தால் கை பிரேக்கும் எந்தத் தொல்லையும் இன்றி அப்படியே இருக்கும்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

அம்பாசடர்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிற்கால அம்பாசடர்களில் முன் டிஸ்க் பிரேக் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், அந்த வண்டிகளின் ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு), ஹப் (சக்கரம் திருகப்படும் நடுப்பகுதி), டிஸ்க், காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி), காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதி சென்னைப் புதுப்பேட்டையிலும், கழித்துக் கட்டப்பட்ட டாக்சிகளை உடைக்கும் காயலான் கடைகளிலும் தேடினால் அகப்படும். அகப்பட்டால் அதையே வாங்குங்கள். தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட அது எல்லா வகையிலும் மேல். உங்கள் வண்டியின் சஸ்பென்ஷனோடு அது சேருமா என்பதை மட்டும் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்: ஸ்டப் ஆக்சில் திரும்பும் முளையான கிங் பின்னின் நீளமும் விட்டமும், ஸ்டியரிங் ஆர்ம் திருகப்படும் துளைகளின் இடைவெளி, பேரிங் அமரும் இடத்தின் அளவு, சக்கர ஸ்டட்டுகளின் வட்டம் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும்.

வாங்கும்போது டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு அருகில் வந்துவிட்ட டிஸ்க்கைக் கடைந்து ஒப்பேற்ற நினைக்கக் கூடாது. காலிப்பர் பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டாலும் ஒழுகும். பிளெக்சிபிள் ஹோஸ், பேடு, சீல், பேரிங் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

முழுத் தொகுதி கிடைக்காதவர்கள் வேறு காரின் டிஸ்க்கையும் காலிப்பரையும் பொருத்துவதுண்டு. மாருதி 800-இன் பாகங்கள் எங்கும் மலிவாகக் கிடைப்பதால் பலருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. ஆனால் அந்தக் கார் 12 அங்குலச் சக்கரமும் ஏறத்தாழ 650 கிலோ எடையும் கொண்டது. ஆயிரத்து நூறு கிலோவைத் தாண்டும் அம்பாசடரை, ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய நிலையில், அந்தச் சிறிய டிஸ்க் நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. டிரம்மைவிட மோசமாகவே சூடேறும். உங்கள் வண்டியின் எடைக்கு நிகரான அல்லது அதைவிடக் கனமான காரின் பாகங்களையே தேட வேண்டும். 15 அங்குலச் சக்கரம் இருப்பதால் பெரிய டிஸ்க்குக்கு இடம் இருக்கிறது.

பிராக்கெட்டை வெளியே செய்யக் கொடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. ராணிப்பேட்டை சிப்காட்டைச் சுற்றி, பாய்லர் வேலையும் தோல் இயந்திர வேலையும் செய்து பழகிய நல்ல லேத், மில்லிங் பட்டறைகள் உள்ளன; வரைபடம் கொடுத்தால் துல்லியமாகச் செய்து தருவார்கள். குறைந்தது 12 மி.மீ. எஃகுத் தகட்டில், ஸ்டப் ஆக்சிலில் ஏற்கெனவே டிரம் பிரேக்கின் பேக் பிளேட் (ஷூவைத் தாங்கும் பின்தகடு) திருகப்பட்டிருந்த துளைகளையே பயன்படுத்தும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். ஸ்டப் ஆக்சிலின் மீது எதையும் வெல்டிங் செய்ய அனுமதிக்காதீர்கள். அது பதப்படுத்தப்பட்ட எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பதம் போய், பிற்பாடு ஒரு நாள் விரிசல் விடும். போல்ட்டுகள் 10.9 தரக் குறி உள்ளவையாக இருக்கட்டும்.

டிஸ்க்கையே எஃகுத் தகட்டில் கடைந்து தருகிறேன் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். டிஸ்க் என்பது சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அதனுள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் வெப்பத்தைக் கடத்துகின்றன, அதிர்வையும் ஒலியையும் விழுங்குகின்றன. தகட்டு எஃகு இவை எதையும் அந்த அளவுக்குச் செய்யாமல் சூட்டில் வளையும். பிரேக் பாகங்களை வார்க்கும் பெரிய ஆலை சோளிங்கரிலேயே இயங்கும் வட்டாரத்தில் இருந்துகொண்டு, தகட்டு டிஸ்க்கை நம்பி மலை இறங்க வேண்டியதில்லை.

கழற்றும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பகுதியை ஸ்டாண்டின் மீது ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால், டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதும் வழக்கத்தை விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம் வெளியே வந்ததும் கிங் பின், புஷ், டை ராடு எண்டு ஆகியவற்றின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். கிங் பின்னில் ஆட்டம் இருந்தால் புது டிஸ்க் பிரேக் அந்த ஆட்டத்தை ஸ்டியரிங் நடுக்கமாகக் காட்டிக் கொடுக்கும். பழி டிஸ்க்கின் மேல் விழும். இந்தப் பழுதுகளை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பெடலுக்கும் பேடுக்கும் நடுவில்

டிஸ்க்கை மாட்டுவது பாதி வேலைகூட இல்லை. மிதிக்கும் காலுக்கும் பிடிக்கும் பேடுக்கும் இடையே உள்ள மாஸ்டர் சிலிண்டர் (மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), வால்வு, குழாய், பூஸ்டர் (வெற்றிடத்தின் உதவியால் மிதிப்புக்குப் பலம் கூட்டுவது) ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருத்தமாக்குவதுதான் இந்த மாற்றத்தின் உயிர்நாடி. மாற்றிய பிறகு “முன்னைவிட மோசமாகப் பிடிக்கிறது” என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பிழை இங்கேதான் இருக்கும்.

டிரம்மில் உள்ள லீடிங் ஷூ, சுழலும் டிரம்மால் இழுக்கப்பட்டுத் தானாகவே இன்னும் இறுகிக்கொள்கிறது. ஓட்டுநரின் காலுக்கு டிரம்மே கொஞ்சம் துணை நிற்கிறது என்று சொல்லலாம். டிஸ்க்குக்கு அந்தத் துணை கிடையாது. கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்ற பிடிப்பு மட்டுமே அதில் கிடைக்கும். அதனால்தான் டிஸ்க் மாற்றிய வண்டியில் பெடல் கல்லைப் போல் இறுகியிருப்பதும், நிறுத்தக் காலை ஊன்றி மிதிக்க வேண்டியிருப்பதும் நேர்கின்றன. அம்பாசடரின் எடைக்கு வெற்றிட பூஸ்டர் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பிரேக் ஆயிலின் அளவு. 22 மி.மீ. விட்டமுள்ள வீல் சிலிண்டர் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் நகர 0.38 மி.லி. ஆயில் போதும், 48 மி.மீ. விட்டமுள்ள காலிப்பர் பிஸ்டன் அதே ஒரு மில்லிமீட்டர் நகர 1.8 மி.லி. வேண்டும். பேடு டிஸ்க்கை ஒட்டியே நிற்பதால் அது நகரும் தூரம் மிகக் குறைவு என்றாலும், பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரும் அதன் சிறிய தொட்டியும் பேடு தேயத் தேயப் போதாமல் போகலாம். அதற்காகப் பெரிய மாஸ்டர் சிலிண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடவும் கூடாது. முக்கால் அங்குல உள்விட்டத்திலிருந்து 7/8 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 27 சதவீதம் குறைகிறது. பெடலின் ஓட்டம் குறையும், மிதிப்பு கனக்கும். டிஸ்க் பிரேக்கோடும் பூஸ்டரோடும் சேர்ந்தே வந்த அதே காரின் மாஸ்டர் சிலிண்டரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழி. அது இரட்டைச் சுற்று கொண்டதாக இருக்கட்டும். பழைய ஒற்றைச் சுற்று அமைப்பில் எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்கிறவர்கள் அதன் உள்முனையில், ஸ்பிரிங்குக்கு அப்பால், ஒரு சிறிய வால்வு இருக்கிறதா என்று திறந்து பார்த்தே ஆக வேண்டும். டிரம் பிரேக்குக்காக, காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. வீல் சிலிண்டர் கப்புகள் விரிந்தே நிற்கவும், பெடல் உடனே பிடிக்கவும் அது உதவுகிறது. அதே அழுத்தம் டிஸ்க் சுற்றில் நின்றால் பேடு விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். வேலூரின் மே மாத வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓடுவதற்குள் சக்கரத்தைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். டிஸ்க்குக்குப் போகும் வழியில் இந்த வால்வு இருக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் மட்டும், ஆயில் பின்னோக்கி வழிந்துவிடாமலிருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று முன் குழாயில் வேண்டும்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வெற்றிடம் கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐடிலில் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு காட்டும். பழைய டீசல் இன்ஜினில் த்ராட்டில் அடைப்பு இல்லாததால் பூஸ்டருக்குப் போதுமான வெற்றிடம் மேனிஃபோல்டில் உண்டாவதில்லை. ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலோ தனியாகவோ ஓடும் வாக்குவம் பம்ப் வேண்டும். எந்த இன்ஜினானாலும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் ஒருவழி வால்வு கட்டாயம். இன்ஜின் நின்றுபோனாலும் ஓரிரு மிதிப்புக்கான வெற்றிடத்தை அதுதான் காத்து வைக்கிறது.

குழாய்களைப் புதிதாகவே இழுத்துவிடுங்கள். பொதுவாக 4.75 மி.மீ. குழாயே பொருந்தும். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதால் எஃகோ செம்பு–நிக்கல் கலவையோ நல்லது. குழாய் முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். பழைய வண்டியின் நட்டுகள் அங்குலத் திருகாகவும், புதிய காலிப்பரின் துளைகள் மெட்ரிக் திருகாகவும் இருப்பது வழக்கம். இரண்டும் முதல் இரண்டு சுற்றுக்குச் சேருவது போலவே தோன்றும். கையால் எளிதாக முழுவதும் ஏறாத நட்டை ஸ்பானரால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பொருத்துதல்

ஸ்டப் ஆக்சிலில் பேரிங்குகளைப் புது கிரீஸோடு ஏற்றி, ஹப்பை இறுக்கி, ஆட்டம் சரிசெய்த பிறகு, டிஸ்க்கின் ஓரத்தில் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். கோணல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துருவோ பெயின்டோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

காலிப்பரை மாட்டும்போது, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் வர வேண்டும். இடது, வலது காலிப்பர்கள் மாறிப்போனால் எல்லாம் பொருந்திவிடும், வண்டியும் தயாராகிவிட்டது போலவே தோன்றும், ஆனால் நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது மேலே தங்கும் காற்றை எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் வெளியேற்ற முடியாது. போல்ட்டுகளில் திருகுப் பசை இட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையே எல்லா இடத்திலும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருப்பதை உறுதிசெய்யுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, சக்கரம் தொங்கும் நிலையிலும் பாரம் தாங்கும் நிலையிலும், ஹோஸ் இழுபடுகிறதா, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். புது ஹப்பால் சக்கரம் சற்று வெளியே தள்ளப்பட்டிருக்கலாம்.

காற்று எடுத்தல்

டாட் 4 தரப் பிரேக் ஆயில் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 3-க்கு இவை 205, 140. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால், மட்கார்டின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

காற்று எடுப்பதற்கு முன் பின் ஷூக்களை முழுமையாக அட்ஜஸ்ட் செய்திருக்க வேண்டும். பின் ஷூ தளர்ந்திருப்பதால் பெடல் தாழ்வதைக் காற்று என்று நினைத்து மீண்டும் மீண்டும் ஆயிலை வீணாக்குகிறவர்கள் உண்டு. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடது பின்சக்கரம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் தரையைத் தொடும் முன் மூட வேண்டும். தொட்டியில் ஆயில் மட்டம் ஒரு முறை இறங்கிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இறுதியில் பெடல் பாதித் தூரத்துக்கு மேலேயே உறுதியாக நிற்க வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் கீழே நழுவக் கூடாது. பூஸ்டரைச் சோதிக்க, இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதித்துப் பெடலை இறுகச் செய்து, அப்படியே அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். காலை எடுத்ததும் முன்சக்கரங்கள் கையால் தள்ளினாலே சுழல வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டம் ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், மெதுவான வேகத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகு, 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, சற்று ஓடவிட்டு மீண்டும் குறைப்பதைப் பத்து முறை செய்தால் பேடு டிஸ்க்கில் பழகும். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது. பேடின் பூச்சு ஓரிடத்தில் ஒட்டிப் பிறகு அதிர்வு தரும்.

அடுத்த சோதனையை யாரும் தவறவிடக் கூடாது. உலர்ந்த சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் வலுவாகப் பிரேக் மிதிக்கும்போது, வெளியே நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது என்று கவனிக்க வேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் மழையில் வண்டி சுழன்றுவிடும். அப்படியானால் பின் குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வைக்கலாம், அல்லது சிறிய விட்டமுள்ள வீல் சிலிண்டர் மாட்டலாம். எந்தக் கட்டத்திலும் முன்சக்கரமே முதலில் பூட்ட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா இணைப்புகளையும் மறுபடி பார்த்து, போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்த்த பின்பு மலைக்குப் போங்கள். அப்போதும், மலை ஏறுவதற்குப் பயன்படுத்திய அதே கியரிலேயே இறங்குங்கள்.

காகித வேலை பற்றி ஓரிரு சொற்கள். பதிவுச் சான்றிதழில் பிரேக்கின் வகை குறிக்கப்படுவதில்லை. இருந்தாலும் 15 ஆண்டு கடந்த கார் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவுப் புதுப்பிப்புக்காக ஆய்வுக்குப் போக வேண்டியிருப்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்வதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் பிற்பாடு வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிகள், வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பதிவை நாடுகிறவர்கள் ஸ்டப் ஆக்சில், டிரம், பேக் பிளேட், மாஸ்டர் சிலிண்டர் என்று கழற்றிய எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் தடவி, இடது வலது குறித்துப் பெட்டியில் கட்டி வையுங்கள். போல்ட் போட்ட பிராக்கெட்டாக இருந்தால் வேண்டும்போது பழைய அமைப்பை அப்படியே திரும்ப மாட்டிவிடலாம்.